இழுவை

எங்கள் தோட்டத்துக் குழாய் மூன்றாம் முறை உடைந்தது ஒரு சித்திரை மாதத்து விடியற்காலையில். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் முழுவதும் வாழைப் பாத்திக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. வாழைக்குக் கொண்டாட்டம், வீட்டில் பல் தேய்க்கத் தண்ணீர் இல்லை.

வேகம் தாங்காமல் உடைகிறது என்று நினைத்து, முந்தைய இரண்டு முறையும் புதுக் குழாய் வாங்கி அதே இடத்தில் மாட்டியிருந்தேன். இம்முறை வந்த பிளம்பர் உடைந்த எல்போவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தண்ணி உடைக்கல சார். நீங்கதான் டியூபை இழுத்து இழுத்து உடைச்சிருக்கீங்க" என்றார்.

கணக்குப் போட்டால் அவர் சொன்னது சரி. தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் வரும். எங்கள் தொட்டி அதில் பாதி உயரம்கூட இல்லை. பிவிசி பைப்புக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் மண்ணிலிருந்து தனியாக நிமிர்ந்து நிற்கும் அரை இஞ்சு பைப்பின் தலையில் குழாயை மாட்டி, அங்கிருந்து பச்சை டியூபை முருங்கை மரம்வரை இழுத்தால், ஒவ்வொரு இழுப்பும் கடப்பாரை போட்டு நெம்பியதுபோல எல்போவின் மரையில் விழும். வெயிலில் காய்ந்து மொறுமொறுத்துப்போன பிவிசி எத்தனை நாள் தாங்கும்?

ஒரு கல்லுக்காலை நட்டு, பைப்பை அதோடு இரண்டு இடத்தில் பட்டை போட்டு இறுக்கினார். பிளாஸ்டிக் மரை இருந்த இடத்துக்குப் பித்தளை மரை வைத்த எல்போ வந்தது. குழாய் மரையில் டெஃப்ளான் டேப்பை முடுக்கும் திசையிலேயே சுற்றினார். எதிர்த்திசையில் சுற்றினால் முடுக்கும்போதே பிரிந்து வந்துவிடுமாம். வெயில் படும் பைப்புக்குப் பெயிண்ட் அடிக்கச் சொன்னார்.

டியூபை நான் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்ததைப் பார்த்துச் சிரித்தார். கம்பி ஒற்றைக் கோடாக அழுத்தி டியூபை அறுத்துவிடும், துருவும் பிடிக்கும். அகலமான ஸ்டீல் கிளிப் சுற்றிலும் ஒரே சீராகப் பிடிக்கும். டியூப் நுனியை வெந்நீரில் முக்கி இளக்கி, குழாய் மூக்கின் வரிகள் மறையும்வரை ஏற்றிவிட்டுக் கிளிப்பைத் திருகினார்.

போகும்போது என் மனைவியிடம், "தண்ணி விட்டதும் குழாயை மூடிட்டு, டியூபைச் சுருட்டி நிழல்ல போடுங்கம்மா. வெயில்ல கெடந்தா மொதல்ல வர்ற தண்ணியே செடியை வேக வச்சிரும்" என்றார்.

கல்லுக்கால் நட்டு ஆறு மழைக்காலம் ஆகிறது. வாழைக்கு இப்போது நாங்கள் விடுகிற தண்ணீர் மட்டும்தான்.