சார்வரி வருஷத்துத் தக்காளி

ஏப்ரல் 16, 2020, வியாழன்

பல வருஷங்களாக விட்டிருந்த நாட்குறிப்பை மறுபடி எடுத்ததற்குக் காரணம், இன்று என்ன கிழமை என்பதை என் மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள நேர்ந்ததுதான். ஊரடங்கில் கிழமைகளின் முகம் அழிந்துவிட்டது. மயிலையில் பங்குனிப் பெருவிழாவின் வீதியுலா இல்லாமலே ஒரு பங்குனி கழிந்துவிட்ட பிறகு எந்த நாளை வைத்து எந்த நாளை எண்ணுவது?

மாசியில் நட்ட பெரியகுளம் ரகத்துத் தக்காளிச் செடிகள், வெயில் ஏறுமுன்னரே பூத்துப் பிஞ்சு பிடித்து, இப்போது பழுக்கத் தொடங்கும் தருணத்தில், காய்களின் அடிப்புறத்தில் காசளவு கருமை தோன்றி, அது நாளுக்கு நாள் அகன்று, தோலாக உலர்ந்து குழிந்துபோவதைக் காண மனம் பொறுக்கவில்லை. காம்புப் பக்கம் செழிப்பாகவே இருக்கிறது. பூ உதிர்ந்த நுனியில் மட்டும் இந்த அழுகல். புழு துளைத்த துவாரம் ஏதுமில்லை.

கீழ்வீட்டு மாமி வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றச் சொன்னார். அதில் பாதி நியாயம் உண்டு. சுண்ணாம்புச் சத்துக் குறைவால் வருவதுதான் இது. ஆனால் மண்ணில் அச்சத்து இருந்தும் காய்க்குப் போய்ச் சேராமையே பெரும்பாலும் மூலகாரணம். வேர் உறிஞ்சும் நீரோடுதான் அது மேலே ஏறுகிறது. அந்நீரை ஓயாமல் ஆவியாக விடும் இலைகள் தம் பங்கை முதலில் இழுத்துக்கொள்ள, ஆவி அதிகம் விடாத காய் வரிசையில் கடைசியாக நிற்கிறது. தொட்டி ஒரு வேளை காய்ந்தும் ஒரு வேளை ததும்பியும் இருந்தால் அந்தக் கடைசிப் பங்கும் தடைப்பட்டுப் போகிறது. சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தொட்டி நண்பகலுக்குள் வறண்டுவிடும். ஆகையால் காலையும் மாலையும் அளவாக நீர் விட்டு, மேல்மண்ணைத் தென்னை நார்க் கழிவாலும் சருகாலும் மூடிவைத்தேன். கறுத்தவை இனித் தேறமாட்டா, பறித்தாயிற்று.

ஏப்ரல் 25, சனி

நாளை முதல் நான்கு நாள் முழு ஊரடங்காம். தெற்கு மாட வீதியில் காய்கறிக்குக் கூட்டம் நெரிகிறதென்று கேள்வி. நாங்கள் போகவில்லை.

மே 1, வெள்ளி

புதிய காய்களில் கருமை இல்லை! இன்று ரசம் எங்கள் மாடித் தக்காளியில். என் தாயார் இருந்திருந்தால், கடல் கடந்து வந்த காய் என்று சிராத்த தினத்தில் அடுக்களைக்குள்ளேயே நுழையவிடாத அவர்கூட, இந்த ரசத்தை இரண்டாம் முறை கேட்டிருப்பார்.

மே 6, புதன்

கோயம்பேட்டுச் சந்தையை நேற்று மூடிவிட்டார்கள். அங்கிருந்து நோய் பல மாவட்டங்களுக்குப் பரவியதாகச் செய்தி. கத்திரி வெயிலும் தொடங்கிவிட்டது.

செடிகளுக்கு இப்போது வேறொரு பீடை. கொத்துக் கொத்தாகப் பூக்கின்றன. ஆனால் ஒவ்வொரு பூவும், காம்பின் நடுவே இருக்கும் சிறு முடிச்சில் மஞ்சளித்து, கழன்று விழுந்துவிடுகிறது. காலையில் மாடி ஏறினால் தொட்டியைச் சுற்றித் தரையெல்லாம் பூ. நேற்று மாலை வாசல் தெளிக்கக்கூட மனமில்லை என்றாள் என் மனைவி. எனக்கோ மாடி ஏறவே மனமில்லை.

மே 9, சனி

எதிர் மாடியில் துணி உலர்த்த வரும் பெண்மணி, இத்தனை நாள் தலையசைப்போடு நின்றிருந்தவர், இன்று தாமாகவே பேசினார். அந்த வீட்டில் தங்கிச் சமையல் செய்பவர். ஊர் இராயக்கோட்டைப் பக்கம். பங்குனிக் கடைசியில் போகவேண்டியவர் பஸ் இல்லாமல் இங்கேயே நின்றுவிட்டார். நான் விரலால் பூக்களை மெல்லச் சுண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் பேச்சு தொடங்கிற்று.

தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருக்கின்றன. மகரந்தப் பைகள் ஒட்டிக் கூம்பாக நிற்க, பூ அதிர்ந்தால்தான் அவற்றின் உட்புறத்து நீள வெடிப்புகளின் வழியே மகரந்தம் கூம்புக்குள் கொட்டும். சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது; வயிற்றில் நீலவரி ஓடும் வேறொரு தேனீ இருக்கிறது, அது பூவைக் கவ்விக்கொண்டு உடம்பை அதிரச்செய்து மகரந்தத்தை உதிர்த்துவிடும். அது வராத மாடியில் அந்த வேலையை நான் செய்துகொண்டிருந்தேன்.

"சுண்டி என்னங்க ஐயா பிரயோசனம்? ராத்திரி காத்து குளிர்ந்தாத்தான் காய் பிடிக்கும். எங்க ஊர்ல விடியக்காலம் துப்பட்டி இல்லாம படுக்க முடியாது" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. இரவு உஷ்ணம் இருபத்திரண்டு, இருபத்துமூன்று பாகைக்கு மேல் நின்றாலே காய் பிடிப்பது குறையத் தொடங்குமென்று தோட்டக்கலை நூல்கள் சொல்ல, சென்னையில் மே மாதத்து இரவோ இருபத்தெட்டுக்குக் கீழே இறங்க மறுக்கிறது. மகரந்தமே உயிரற்றுப் போனபின் அதிர்ந்தென்ன, அதிராவிட்டாலென்ன? ஓசூர், இராயக்கோட்டை மேட்டு நிலத்தின் குளிர்ந்த இரவுதான் அந்தச் சீமையைத் தக்காளிச் சீமையாக்கிற்று. அந்த இரவுகளைத்தான் நாம் கூடை கூடையாக விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தோம் போலும்.

"இந்த வருஷம் அங்கே விளைச்சல் எப்படி, அம்மா?" என்று கேட்டேன்.

"விளைச்சலுக்கு என்னங்க, நல்ல விளைச்சல். அப்பா பறிக்கவே இல்லை. பறிகூலி யாரு குடுக்கறது? லாரி போனாலும் இறக்க இடமில்லை. மாட்டை உள்ளே விட்டுட்டாரு."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் எவ்வித மாற்றமும் இல்லை. புடவையின் மறுமுனையை இழுத்துக் கொடியில் சீராக விரித்துவிட்டு இறங்கிப் போனார். அதன்பின் வெகுநேரம் நான் பூக்களைத் தொடவில்லை.

மே 12, செவ்வாய்

திருமழிசையில் தற்காலிகச் சந்தை தொடங்கியிருக்கிறது. எதிர் மாடியில் அவரைக் காணவில்லை, இதைச் சொல்ல நினைத்திருந்தேன்.

ஜூன் 12, வெள்ளி

அடையாற்றில் இருக்கும் தம்பிக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். இன்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். யாரும் வரக்கூடாதாம். இங்கிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரம்.

ஜூன் 14, ஞாயிறு

செடிகளுக்கு உரம் போட்டுப் பார்க்கலாமா என்று மனைவி கேட்டாள். தழைச்சத்து ஏறினால் இலைதான் தடிக்கும், பூ இன்னும் உதிரும் என்றேன். அப்படியானால் என்னதான் செய்வது என்றாள். வேர் காயாமல் நீர் விடலாம், நண்பகலில் பழைய வேட்டியை நிழலாகக் கட்டலாம், இரவு குளிரும்வரை செடியை உயிரோடு வைத்திருக்கலாம் என்றேன். அவள் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 21, ஞாயிறு

சூரிய கிரகணம். மாடிக்குப் போகவில்லை.

ஜூன் 27, சனி

தம்பி வீடு திரும்பினான்! மூன்று வாக்கியம் பேசுவதற்குள் மூச்சு வாங்குகிறது, ஆனாலும் பேசினான். முதலில் கேட்டது காபியைப் பற்றி.

ஜூலை 18, சனி

எதிர் வீட்டுப் பெண்மணி இ-பாஸ் கிடைத்து ஊருக்குப் போய்விட்டார் என்று காவலாளி சொன்னான். போகுமுன் எங்களுக்கென்று அவனிடம் ஒரு காகிதப் பொட்டலம் கொடுத்திருக்கிறார்: அவர் ஊர்த் தக்காளி விதை. பழைய செடிகளைப் பிடுங்கிவிட்டு, மண்ணை வெயிலில் காயப் போட்டிருக்கிறேன். ஆடிப் பட்டத்தில் விதைக்க வேண்டும்.

செப்டம்பர் 29, செவ்வாய்

கோயம்பேட்டில் காய்கறி மொத்தச் சந்தை நேற்றுத் திறந்துவிட்டதாம். இரவில் ஒரு மழை பெய்தால் காற்று சற்றே தணிகிறது, இன்னும் போதாது.

இராயக்கோட்டை விதையில் வந்த செடிகள் முழங்கால் உயரம் நிற்கின்றன. அவற்றில் ஒன்றின் கொழுந்து நேற்று மேல்நோக்கிச் சுருண்டு, ஓரம் வெளுத்து, இலைகள் சிறுத்து நெருங்கிவிட்டன. தாகத்தால் சுருளும் இலை மாலையில் விரிந்துவிடும், இது விரியவில்லை. இலையைத் திருப்பித் தட்டியபோது மாவுத்துகள் போன்ற வெள்ளை ஈக்கள் எழுந்து பறந்தன. இலைச்சுருள் நோய்தான். அந்த ஈ ஒரு செடியில் உறிஞ்சிய நச்சுக் கிருமியை மற்றொன்றுக்குச் சுமந்து செல்வது. பிடித்த செடிக்குச் சிகிச்சை கிடையாது.

அந்தச் செடியை வேரோடு எடுத்து, பையில் இட்டுக் கட்டி வெளியேற்றினேன். மற்றத் தொட்டிகளை ஒன்றையொன்று தொடாதபடி விலக்கி வைத்து, லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயோடு சிறிது சோப்பு கரைத்து இலையின் அடிப்புறம் நனையத் தெளித்து, மஞ்சள் ஒட்டும் அட்டைகளைத் தொங்கவிட்டிருக்கிறேன். பார்வைக்கு எல்லாம் ஆரோக்கியமாகவே இருக்கின்றன. தொற்றியிருக்கிறதா இல்லையா என்பது தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகலாம்.