டிரம் தண்ணீர்

கொசு மருந்துப் புகை அடிக்கும் வண்டி தெருவுக்குள் வந்தால் எல்லோருக்கும் திருப்தி. பிள்ளைகள் பின்னாலேயே ஓடுகிறார்கள். அந்தப் புகையில் சாவது பறக்கிற கொசு மட்டும்தான். தண்ணீருக்குள் நெளிகிற புழுவுக்கு ஒன்றும் ஆகாது. நாலைந்து நாளில் அதுவும் இறக்கை முளைத்து வந்துவிடும்.

சென்னைக்கு மேற்கே ஆவடி, திருமுல்லைவாயல், பூந்தமல்லி என்று எங்கே கேட்டாலும் கொசுவுக்குப் பழி காலி மனைக்குத்தான். பாதிதான் சரி. மனையில் தேங்கிய கழிவுநீரில் வளர்வது கியூலெக்ஸ், ராத்திரி காதோரம் ரீங்காரம் போடுவது. டெங்குவைக் கொண்டுவரும் ஏடிஸ் பகலில் கடிப்பது. அதற்குச் சாக்கடை ஆகாது, நல்ல தண்ணீர்தான் வேண்டும். நாம் காசு கொடுத்து லாரியில் வாங்கி டிரம்மில் நிரப்பி வைக்கிறோமே, அந்தத் தண்ணீர்.

மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்க வரும் பெண்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் இடையே நடக்கிற பேச்சு எப்போதும் ஒன்றுதான்.
“அக்கா, புழு இருக்கு பாருங்க. டிரம்மைக் கவுத்துடுங்க.”
“கவுத்துட்டு? நாளைக்கு லாரி வரலைன்னா நீ வந்து தண்ணி குடுப்பியாம்மா?”
இரண்டு பேர் சொல்வதும் நியாயம். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த கோடையில் ஏரிகள் வறண்டன, வீடு முழுக்கக் குடமும் டிரம்மும். அந்த 2017-இல்தான் தமிழ்நாட்டில் 23,000 பேருக்கு மேல் டெங்கு. மழையை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்?

கவிழ்த்தாலும் போதாது. ஏடிஸ் முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆடியில் காய்ந்த வாளியில் ஐப்பசி மழை விழுந்ததும் பொரிக்கும். பிரஷ் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். வாரம் ஒருமுறை தேய்த்தால் முட்டை கொசுவாகும் முன்பே கணக்குத் தீர்ந்துவிடும்.

அபேட் என்ற கொசுப்புழு மருந்தைச் சரியான அளவில் குடிநீரில்கூட ஊற்றலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாசனைக்குப் பயந்து நம்மவர்கள் ஊற்றவிடுவதில்லை. ஆனால் சாக்கடை ஓரமாகக் கோலம்போல ப்ளீச்சிங் பவுடர் தூவினால் மனம் குளிர்ந்துவிடும். புழு அதைச் சட்டை செய்வதில்லை.

மொட்டைமாடி டேங்க்: மூடி உடைந்திருந்தால் மலேரியா கொசு அனாபிலஸ் ஸ்டீபன்சி குடியேறும். அதன் புழு நீர்ப்பரப்போடு படுக்கையாக மிதக்கும். மற்ற இரண்டும் தலைகீழாகத் தொங்கும். டார்ச் அடித்தால் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும்.

செப்டிக் டேங்குக்குள் கொசு போய்வராமலிருக்க, காற்றுக்குழாய் நுனியில் நைலான் வலை. பத்து ரூபாய் வேலை, யாரும் செய்வதில்லை.

தண்ணீர் தேங்குவது தெரியாத இடங்கள் இன்னும் உண்டு. ஃபிரிட்ஜ் பின்னால் உள்ள தட்டு. ஆட்டுக்கல் குழி. மெக்கானிக் ஷெட் வாசலில் அடுக்கிய பழைய டயர்: எப்படிக் கவிழ்த்தாலும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே நிற்கும், துளை போடுவதுதான் வழி. டன்லப் டயர் செய்த அம்பத்தூருக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

போர்வெல் போட்டபின் கைவிட்ட கிணறு பல வீடுகளில் இருக்கிறது. அதில் கப்பி மீன் விடலாம், புழுவைத் தின்னும். 1928-இல் இந்தியாவுக்கு வந்த கம்பூசியாவும் தின்னும்; ஆனால் அது மற்ற மீன்குஞ்சையும் தவளைக்குஞ்சையும் விடாது. கிணற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கொரட்டூர் ஏரியில் கொண்டுபோய்க் கொட்டுகிற புண்ணியம் வேண்டாம்.

மூடியில்லாத டிரம்முக்குப் பழைய வேட்டி போதும், விளிம்பைச் சுற்றி சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினால். துணி தொய்ந்து தண்ணீரைத் தொடக் கூடாது.