சிவப்பு மையில் 248

என் மனைவிக்குச் சர்க்கரை என்று தெரிந்த வாரமே ஒரு நீள நோட்டு வாங்கினேன். கணக்குப் பிரிவில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் நான். எதையும் கட்டம் போட்டு எழுதினால்தான் மனசு ஆறும். தேதி, வெறும் வயிறு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம், குறிப்பு. சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவு 180-க்குள் இருந்தால் நீல மை, தாண்டினால் சிவப்பு. எல்லாம் அவளுக்காக என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னேன். நிஜத்தில், ஓய்வுக்குப் பிறகு என் பேச்சைக் கேட்க வீட்டில் ஆளில்லை. அந்த நோட்டு வந்ததும் மறுபடி அதிகாரியாகிவிட்டேன்.

நாங்கள் குடியிருக்கும் புதுச்சேரி உப்பளத்தில் சர்க்கரை வியாதி யாரையும் திடுக்கிட வைக்காது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. நாடு முழுக்க நூற்றுக்கு 11.4 பேர் என்றால் புதுச்சேரியில் 26.3. கோவா மட்டும் 26.4 என்று நம்மை ஒரு மயிரிழையில் முந்தியது. பெரியவர்களில் நாலில் ஒருவருக்கு. இதை அவளிடம் ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். நானோ, "பாத்தியா, எல்லாம் மூணு வேளைச் சோத்தால வந்த வினை" என்று பாடம் நடத்தினேன். அந்தப் பாடத்தை நடத்திவிட்டு உட்கார்ந்து, வெள்ளைச் சோற்றில் வத்தக்குழம்பு ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டேன். அவளுக்கு ஒரு கரண்டிச் சோறு, நிறைய காய். எனக்குச் சமைத்துப் போட்டதும் அவள்தான்.

முதல் மாத்திரை மெட்ஃபார்மின். பாரிஸ் மருத்துவர் ஜான் ஸ்டெர்ன் 1957-இல் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார் என்று எங்கோ படித்ததைப் பெருமையாகச் சொன்னேன். "பிரெஞ்சுக்காரன் மருந்தச் சாப்பிடுறேன், அவன் ரொட்டிய மட்டும் சாப்பிடக் கூடாதா?" என்றாள். அப்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

மாம்பழக் காலம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழம் நறுக்கிக் கொடுத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சர்க்கரை பார்க்கும் மிஷினை எடுத்தேன். விரல் நுனியின் ஓரத்தில் குத்தி, துளி ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் தொட்டேன். 248. "எத்தனை துண்டு தின்ன?" என்று கத்தினேன். அவள் பதில் சொல்லாமல் எழுந்து போய் சோப்புப் போட்டுக் கை கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டு வந்து வேறொரு விரலை நீட்டினாள். 139. விரலில் ஒட்டியிருந்த பழச்சாறும் ரத்தத்தோடு சேர்ந்து மிஷினுக்குப் போயிருக்கிறது. கை கழுவிவிட்டுத்தான் குத்த வேண்டும் என்று மிஷினோடு வந்த தாளில் போட்டிருக்கிறது. அந்தத் தாளைப் படித்தவன் வீட்டில் நான் ஒருவன்தான்.

நோட்டில் 248-ஐ ஏற்கெனவே சிவப்பில் எழுதியிருந்தேன். அடிக்கவில்லை. அடித்தால் நான் தப்பு என்று ஆகிவிடும். 139-ஐ எழுதவும் இல்லை.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. நாள்போக்கில் எனக்குச் சந்தேகம் வந்தபோது மட்டும்தான் சோதித்தேன். கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவள் தங்கை வீட்டுக்குப் போய் வந்த பிறகு, பொங்கலன்று. சாதாரண நாளில் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டு, கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டு வந்தால் மிஷினைத் தொடுவதே இல்லை. அப்புறம் நோட்டு சிவப்பாக இல்லாமல் எப்படி இருக்கும்? "அந்த நோட்ட மூடி வைங்க, அதப் பாத்தாலே எனக்கு சுகர் ஏறுது" என்பாள். அதையும் குறிப்புப் பத்தியில் எழுதி வைத்தேன், ஒத்துழைப்பு இல்லை என்று.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனைக்கு இன்னும் நாளிருந்தது. "வீட்ல எப்பவும் இப்படித்தான் இருக்கா?" என்று என்னைத்தான் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். கிளிமிபிரைடு சேர்த்தார். மாத்திரை போட்டால் சாப்பிடாமல் இருக்கக் கூடாது என்று அழுத்திச் சொன்னார். மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடோ கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மருந்து. வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்காது.

அன்றிரவு அவள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு இட்லியோடு எழுந்துவிட்டாள். காலையில் என் நோட்டில் நீல மை விழ வேண்டுமே. நடு இரவில் எழுந்து உட்கார்ந்துகொண்டு ஃபேனைத் திட்டினாள், என்னைத் திட்டினாள், முப்பது வருஷத்துக்கு முந்தைய ஏதோ நகைக் கணக்கை இழுத்தாள். நானும் சளைக்காமல் பதில் கொடுத்தேன். நல்ல சண்டை. லைட்டைப் போட்ட பிறகுதான் பார்த்தேன்: ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது, தண்ணீர்ச் சொம்பைப் பிடித்த கை நடுங்கியது. காரணமில்லாத கோபமும் சர்க்கரை இறங்குவதற்கு ஓர் அடையாளம். சந்தேகம் வந்தபோதெல்லாம் விரலைக் குத்தியவனுக்கு, குத்த வேண்டிய நேரத்தில் அது தோன்றவில்லை.

54. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்தால் 81. கொஞ்சம் மோர்சாதம் சாப்பிட வைத்தேன். என் மேல் சாய்ந்து, "நகை விஷயத்த மனசுல வச்சுக்காதீங்க" என்றாள்.

அடுத்த வாரம் டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்தினார். மூன்று மாதச் சராசரியும் வந்திருந்தது: 6.6 சதவீதம். புது மாத்திரைக்கு அவசியமே இருந்திருக்கவில்லை. "ஏன் இறங்குச்சு?" என்றார். நான் வாய் திறப்பதற்குள், "என் தப்புதான் சார், ராத்திரி சரியாச் சாப்பிடல" என்று அவள் முந்திக்கொண்டாள். நான் வாயை மூடிக்கொண்டேன். 248-ஐப் பற்றி டாக்டரிடம் சொல்லவில்லை. அந்தத் தலையாட்டலைப் பற்றி இன்றுவரை அவளிடமும் பேசவில்லை.

மிஷின் இப்போது அவளிடம். கேட்டால் அளவைச் சொல்வாள், சில நாள் சொல்ல மாட்டாள். உங்களுக்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அவள் கூப்பிடும்போதெல்லாம் எனக்குக் கடைத்தெருவில் ஏதாவது வேலை வந்துவிடுகிறது. நான் எழுதுவதில் முதலில் பிழை பார்ப்பவள் அவள்தான். இதையும் அவள் கையில்தான் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டுப் பெரிய மார்க்கெட் பக்கம் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.