ஒரு ஷில்லிங் மதிப்புரை

இலண்டனில் பதிப்பகம் நடத்திவந்த ஸ்டான்லி அன்வின், சிறுவர் நூல்களின் தரத்தைச் சிறுவரே நன்கு அறிவர் என்னும் கருத்துடையவர். பதிப்புக்கு வரும் சிறுவர் கதைகளைத் தம் மகன் ரேனரிடம் கொடுப்பார். அவன் எழுதித்தரும் மதிப்புரைக்கு ஒரு ஷில்லிங் கூலி. 1936இல் அவ்வாறு அவன் கைக்கு வந்தது, ஆக்ஸ்போர்டு பேராசிரியர் டோல்கீன் எழுதிய ‘தி ஹாபிட்’. ரேனருக்கு அப்போது வயது 10. ஹாபிட் என்னும் சிற்றுருவ இனத்தைச் சேர்ந்த பில்போ, டிராகன் காக்கும் புதையலை நாடிச் சென்று மீண்ட கதையைச் சில வரிகளில் சுருக்கினான். நிலப்படங்கள் உள்ளமையால் ஓவியங்கள் வேண்டா என்றான். 5 முதல் 9 வயதுவரையுள்ள குழந்தைகள் இதனை விரும்புவர் என்று தீர்ப்பும் வழங்கினான். பத்து வயது நிரம்பிய பெரியவர் அல்லவா! 1937இல் நூல் வெளிவந்தது; ஓவியங்களுடன்தான்.

நூல் நன்கு விற்கவே, பதிப்பகம் தொடர்ச்சி கேட்டது. அவ்வாண்டின் இறுதியில் தொடங்கிய ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்னும் நெடிய கற்பனைக் காவியம் 1949இல்தான் நிறைவுற்றது. அதன் முதற்பகுதியை 1947இல் படித்தபோது ரேனர் இளைஞர். கதை அவரை முழுமையாக ஈர்த்தது. ஆயினும், இம்முறை வயது வரம்பு சொல்ல இயலவில்லை. குழந்தைகளுக்கு அது முழுதும் எட்டாது. பெரியவர்களோ தம் தகுதிக்குக் குறைவு என்று கருதாதிருந்தால் மகிழ்ந்து படிப்பர். இதனை யார் படிப்பார் என்று தமக்குத் தெரியவில்லை என வெளிப்படையாகவே எழுதினார். சிறுவனின் உறுதியைவிட இளைஞரின் இந்தத் தடுமாற்றமே நூலுக்கு நெருக்கமானது.

1952இல் முழுப்படியும் பதிப்பகத்திற்கு வந்தபோது ரேனர் அங்கே பணியாற்றினார். 1000 பவுண்டுவரை இழப்பு நேரலாம் எனக் கணக்கிட்டார். எனினும், இது மேதைமையின் படைப்பு என்று வெளிநாடு சென்றிருந்த தந்தைக்கு எழுதினார். அவ்வாறு நம்பினால் அப்பணத்தை இழக்கலாம் என்று விடை வந்தது. செலவு கருதி நூல் மூன்று பாகங்களாகப் பிரிக்கப்பட்டது. டோல்கீன் எழுதியதென்னவோ ஒரே கதைதான். செலவு மீண்ட பிறகே ஆசிரியருக்குப் பங்கு. ஆனால், அது இலாபத்தில் பாதி.

முதலிரு பாகங்கள் 1954இல் வெளிவந்தன. கதைத்தலைவன் புரோடோ பகைவரிடம் அகப்பட்ட இடத்தில் இரண்டாம் பாகம் நின்றது. பிற்சேர்க்கைகளை எழுதி முடிப்பதில் காலம் நீள, மூன்றாம் பாகம் 1955 அக்டோபரில்தான் வந்தது. அந்தப் பதினொரு மாதங்களில் பொறுமையிழந்த வாசகர்கள், புரோடோ என்ன ஆனான் என்று கடிதம் எழுதினர். யார் படிப்பார் என்று ரேனர் தேடிய வாசகர்கள் அவர்களே.