அறுபதாம் எண்ணின் நாள்

விரிதாளில், அதாவது எக்ஸெல் ஷீட்டில், தேதி தவறாகத் தெரியும்போது இரண்டு விளக்கங்கள் உடனே கிடைத்துவிடுகின்றன. "சிஸ்டம் கோளாறு" என்பது முதலாவது. சற்றே கணினி பயின்றவர்கள் சொல்லும் "எக்ஸெலுக்கு லீப் ஆண்டுக் கணக்குத் தெரியாது" என்பது இரண்டாவது. நீலகிரி மாவட்டம் கூடலூர் வட்டத்திலுள்ள ஸ்ரீமதுரையில், சிறு தேயிலைத் தோட்டம் ஒன்றின் குடும்பக் கணக்கைக் கணினியில் ஏற்றியபோது, மார்ச் 4 அன்று தொழிற்சாலைக்குச் சென்ற பசுந்தேயிலை ஏப்ரல் 3-ஆம் தேதி வரவாக மாறியிருந்ததோடு, மார்ச் 14 அன்று சென்றது எந்த மாதத்துக் கூட்டலிலும் சேராமல் தனியே நின்றது. முதல் விளக்கம் இதற்கு எதையும் சொல்லவில்லை. இரண்டாவதில் ஏதோ உண்மை இருப்பதாகத் தோன்றியதால் தேடல் அதன் பின்னேயே சென்றது. அங்கேதான் நெடுநேரம் சிக்கியும் கிடந்தது.

விரிதாளுக்குள் தேதி என்று எதுவும் சேமிக்கப்படுவதில்லை. ஒரு தொடக்க நாளிலிருந்து கடந்த நாட்களின் எண்ணிக்கையே கட்டத்துக்குள் இருக்கிறது. நாள், மாதம், ஆண்டு என்பவை அந்த எண்ணுக்குப் பின்னர் அணிவிக்கப்படும் தோற்றம் மட்டுமே. எக்ஸெலில் 1900 ஜனவரி 1 என்பது 1. 2025 மார்ச் 4 என்பது 45720. அன்றைய நண்பகல் 45720.5. நெடுவரிசையின் அகலம் போதாமல் கட்டம் முழுவதும் வேலிக்குறிகள் (#) நிரம்புவதும், தேதிக்குப் பதிலாக ஐந்திலக்க எண் ஒன்று எட்டிப்பார்ப்பதும் இந்தத் தோற்றத்தின் குறைகள்தாமே ஒழிய எண்ணின் குறைகள் அல்ல. அகலத்தைக் கூட்டினாலோ தேதி வடிவத்தைத் தேர்ந்தாலோ அவை தீர்ந்துவிடும்.

இந்த எண் வரிசையில் 60 என்ற எண்தான் பிடிவாதமான சாட்சி. அந்த எண்ணுக்குத் தேதி வடிவம் கொடுத்தால் எக்ஸெல் 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். அப்படி ஒரு நாள் உலகில் விடிந்ததே இல்லை. 1582-இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி அறிவித்ததும், பிரிட்டனும் அதன் ஆட்சிப் பகுதிகளும் 1752-இல் ஏற்றதுமான நாட்காட்டியின்படி, நூறால் வகுபடும் ஆண்டு நானூறாலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டாகும். ஆகவே 2000 லீப் ஆண்டு, 1900 அன்று. இந்தப் பொய் நாள் எக்ஸெலுக்கு லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாளிடமிருந்து வந்தது. மிட்ச் கேப்பரும் ஜோனதன் சாக்ஸும் உருவாக்கி 1983-இல் வெளியான அந்தச் செயலி 1900-ஐ லீப் ஆண்டாகவே கொண்டது. பின்னால் வந்த மைக்ரோசாஃப்ட், லோட்டஸ் கோப்புகளை எண் மாறாமல் திறக்க வேண்டியிருந்ததால், அந்தத் தவறைத் தெரிந்தே தன் எக்ஸெலிலும் வைத்துக்கொண்டது. எக்ஸெல் குழுவில் பணியாற்றிய ஜோயல் ஸ்போல்ஸ்கி பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்பில், தமது திட்ட வரைவைப் பரிசீலித்த பில் கேட்ஸ் கடைசியாகத் துருவிக் கேட்டது தேதிக் கணக்கைப் பற்றித்தான் என்று பதிந்திருக்கிறார்.

லோட்டஸ்காரர்கள் விதியை மறந்துவிட்டார்கள் என்று சொல்லப்படும் கதையை, இந்தத் தேடலில் இறங்கியவரால் அப்படியே ஏற்க முடியவில்லை. 1901 முதல் 2099 வரை உள்ள காலத்துக்கு நான்கால் வகுபடுமா என்ற ஒரே சோதனை போதும். இரும எண்ணில் அது கடைசி இரண்டு இலக்கங்களும் பூஜ்யமா என்று பார்ப்பதாகச் சுருங்கிவிடும். நினைவகம் நெல்மணி போல் எண்ணிச் செலவழிக்கப்பட்ட காலத்தில், ஒரே ஓர் ஆண்டின் இரண்டு மாதங்களுக்காக நீண்ட விதியை எழுதாமல் விட்டது சிக்கனமாகவே இருந்திருக்கக் கூடும். எவ்வாறாயினும் பிழை நிலைத்துவிட்டது. திங்கட்கிழமையாக இருந்த 1900 ஜனவரி 1-ஐ எக்ஸெல் இன்றும் ஞாயிறு என்றே சொல்கிறது. இதை இப்போது திருத்தினால் உலகத்து விரிதாள்களில் உள்ள தேதிகள் ஏறக்குறைய எல்லாமே ஒரு நாள் பின்தள்ளப்படும் என்பது நிறுவனத்தின் விளக்கம். லிப்ரே ஆஃபீஸ் தன் பூஜ்யத்தை 1899 டிசம்பர் 30-க்கு நகர்த்திக்கொண்டு, 1900 மார்ச் 1 முதல் எக்ஸெலோடு எண் ஒத்துப்போகும்படி வேறு வழி கண்டது. பழைய மேக் கணினிகளின் எக்ஸெலோ கணக்கை 1904 ஜனவரி 1-இலிருந்து தொடங்கியதால், இரு முறைக்கும் இடையே 1462 நாள் வேறுபாடு, அதாவது நான்கு ஆண்டும் ஒரு நாளும், இன்றும் சில பழைய கோப்புகளில் தலைகாட்டுகிறது.

இவ்வளவும் சுவையானவைதாம். ஆனால் இவற்றில் ஒன்றுகூட மார்ச் 4-ஐ ஏப்ரல் 3 ஆக்காது. பொய் நாளின் தீங்கு 1900-இன் முதல் இரண்டு மாதங்களோடு முடிந்துவிடுகிறது. அக்காலத்துத் தேதி எதுவும் ஸ்ரீமதுரைத் தேயிலைக் கணக்கில் இல்லை. அதற்கும் முந்திய தேதிகளை எக்ஸெல் தேதியாகவே ஏற்பதில்லை. கூடலூர் அடங்கிய தென்கிழக்கு வயநாடு மலபார் மாவட்டத்திலிருந்து பிரிந்து நீலகிரியோடு சேர்ந்தது 1877-இல் என்பதால், அந்த மாற்றத்தின் தேதியைக் கட்டத்தில் இட்டால் அது வெறும் எழுத்தாகவே கிடக்கும்.

தேடலைத் திசை திருப்பியது வேறொரு பழைய கணக்கு. நாட்களை ஒரே எண்ணாகத் திரட்டும் முறையைப் பஞ்சாங்கக் கணிதர்கள் அகர்கணம் என்பார்கள். அதன் தொடக்கம் கலியுகப் பிறப்பாகிய கி.மு. 3102 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை. எக்ஸெல் எண்ணோடு 18,26,553-ஐக் கூட்டினால் கலிநாள் கிடைத்துவிடுகிறது. 1947 ஆகஸ்ட் 15-இன் எக்ஸெல் எண் 17394, கலிநாள் 18,43,947, இது ஏழால் மீதியின்றி வகுபடுவதால் அன்று மீண்டும் வெள்ளிக்கிழமை என்று வருகிறது, அது உண்மையும்கூட. எண்ணைச் சிறிதாக்கும் உத்தியும் புதிதல்ல. புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்க் கணிதர் ஒருவர், மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டும் தரையில் பரப்பிய சோழிகளைக் கொண்டும் 1825-ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை ஜான் வாரன் தமது 'கால சங்கலித'த்தில் பதிவு செய்திருக்கிறார். அவர் கையாண்ட வாக்கிய முறையில், அதாவது மனப்பாட வாய்பாட்டு முறையில், கலிநாளிலிருந்து 16,00,984-ஐ முதலிலேயே கழித்துவிட்டு எஞ்சியதை மட்டும் கையாளுவார்கள். விரிதாள் 1900-ஐத் தொடக்கமாகக் கொண்டதன் வசதியும் இதுவே.

திரட்டிய எண் இவ்வாறு பழைய கணக்கோடும் பொருந்துவதால், தவறு அதற்குள் இருக்க வழியில்லை. எழுதப்பட்ட தேதி எண்ணாக மாறும் வாசலில்தான் இருக்க வேண்டும் என்று அப்போதுதான் தெளிவாயிற்று. 04/03/2025 என்ற எழுத்தை எந்த வரிசையில் படிப்பது என்பதை எக்ஸெல் தானாக முடிவு செய்வதில்லை. விண்டோஸின் ரீஜனல் செட்டிங்ஸைக் கேட்கிறது. அங்கே 'இங்கிலீஷ் (யுனைடெட் ஸ்டேட்ஸ்)' என்று இருந்தால் முதல் எண் மாதம், அடுத்தது நாள். ஆகவே மார்ச் 4, 45720 ஆவதற்குப் பதிலாக ஏப்ரல் 3-க்குரிய 45750 ஆகப் பதிவாகிறது. 14/03/2025-ஐப் படிக்கும்போது பதினான்காம் மாதம் இல்லாததால் அது எண்ணாக மாறாமல் எழுத்தாகவே தங்கிவிடுகிறது. கூட்டலில் அது சேராததற்குக் காரணமும் இதுவே. ஒரு சாதாரண ஆண்டின் 365 தேதிகளில் 221 இவ்வாறு எழுத்தாக நின்றுவிடும். 3/3, 5/5 போன்ற 12 தேதிகள் தற்செயலாகச் சரியாக அமையும். மீதி 132 தேதிகள் ஓசையில்லாமல் வேறு நாளாகிவிடும். எழுத்தாக நின்றவை கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டியிருப்பதால் கண்ணில் படும். மாறிப்போன 132-ம் வலப்பக்கம் ஒழுங்காக நிற்பதால் அவையே ஆபத்தானவை. இந்நிலையில் தேதியின் வடிவத்தை மட்டும் மாற்றுவது பயனற்றது, ஏனெனில் உள்ளிருக்கும் எண்ணே வேறாகிவிட்டது. மூலக் கோப்பு இருந்தால், 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' வழியில் நாள்-மாதம்-ஆண்டு என்பதைக் குறிக்கும் 'டிஎம்ஒய்' வரிசையைச் சொல்லி மறுபடி ஏற்றுவதே தக்க வழி.

இதே வாசலில் நேர்எதிரான தவறும் நிகழ்கிறது: தேதியல்லாதது தேதியாகிவிடும். புல எண் 12, உட்பிரிவு 3 என்பதை 12/3 என்று அடித்தால் இந்திய அமைப்பில் மார்ச் 12 என்றும், அமெரிக்க அமைப்பில் டிசம்பர் 3 என்றும் ஆகும். பின்னர் அதை எழுத்து வடிவுக்கு மாற்றினாலோ ஐந்திலக்க எண்தான் மிஞ்சும். ஜென்ம நிலங்களை ரயத்துவாரி முறைக்கு மாற்றும் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழக்குகள் ஓயாத கூடலூரில், புல எண் சிதைவது தேயிலைக் கணக்குச் சிதைவதைவிடப் பெரிய தொல்லை. மரபணு ஆய்வாளர்களுக்கும் இந்தச் சங்கடம் நேர்ந்தது. 'மார்ச் 1', 'செப்ட் 2' என்ற மரபணுக் குறியீடுகள் தேதிகளாக மாறிக்கொண்டே இருந்ததால், 2020-இல் பெயர் வகுக்கும் குழு எக்ஸெலோடு போராடாமல் மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டது. புல எண்ணுக்கு அந்த வசதி கிடையாது. தட்டுவதற்கு முன்பே நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று குறித்துவிட வேண்டும்.

ஆகவே கணக்கைக் கணினியில் ஏற்றுவோர் ஆண்டை நான்கு இலக்கத்தில் எழுதி, மாதத்தை எண்ணாக அன்றி 'மார்ச்' என்று பெயராகவே தட்டலாம். ஏற்றி முடித்ததும் ஒவ்வொரு மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்களை மட்டுமாவது கைப்பேரேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அது முடியும்வரை பேரேட்டைப் பழைய தாளோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.