ஏராக்கட்டையில் ஒரு வெள்ளி ஆணி

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்டில்பூல் என்றொரு துறைமுக ஊர். அங்கே மூன்று பாய்மரம் கொண்ட பழைய போர்க்கப்பல் ஒன்று தண்ணீரில் நிற்கிறது. பக்கங்கள் கறுப்பு, அதன் நடுவே வெள்ளைப் பட்டை, முகப்பில் தலைப்பாகை கட்டிய ஓர் ஆளின் சிலை. பெயர் டிரிங்கமலீ. ஆங்கிலேயர் வாயில் மாட்டிச் சிதைந்த நம் திருகோணமலைதான் அது. இன்றும் மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் இதுவே மூத்தது என்பது அவர்கள் பெருமை. வயதில் எனக்குச் சண்டை இல்லை, ‘பிரிட்டிஷ்’ என்ற சொல்லோடுதான் வழக்கு. பம்பாயில், பார்ஸி மேஸ்திரி ஒருவர் கையில், மலபார்த் தேக்கில் உருவான கப்பல் இது. கோயில் தேர் அளவுக்கு நம் தச்சர் வரலாற்றில் இடம்பெற வேண்டிய பொருள், அயலூரில் வேறொருவர் வீட்டுப் பாட்டன் படமாக மாட்டப்பட்டிருக்கிறது.

ஆண்டுக்கணக்கை வேகமாகச் சொல்லிவிடலாம். ஃபிரிகேட் எனப்படும் இந்த வகைக் கப்பல் பெரும் படைவரிசையில் நின்று மோதுவதற்கானது அல்ல. வேகமாக ஓடி வேவு பார்க்க, வணிகக் கப்பல்களுக்குக் காவல் போக, தனியாகச் சுற்றி வர ஏற்றது. 1812 அக்டோபரில் இதைக் கட்ட உத்தரவானது. வரைபடங்களை ஏற்றிவந்த ஜாவா என்ற கப்பலை அதே ஆண்டு டிசம்பரில் பிரேசில் கரையோரம் அமெரிக்காவின் கான்ஸ்டிட்யூஷன் அடித்து அழித்தது. (அந்தக் கான்ஸ்டிட்யூஷனும் இன்றுவரை பாஸ்டனில் மிதக்கிறது. வரைபடத்தை மூழ்கடித்ததும், வரைபடத்தில் இருந்ததும் இரண்டுமே பிழைத்துக் கிடப்பது ஒரு வேடிக்கை.) மறு வரைபடம் வந்து 1816-இல் வேலை தொடங்கி, 1817 அக்டோபர் 12 அன்று கப்பல் கடலில் இறங்கியது. செலவு சுமார் 23,000 பவுண்டு. 1819 ஏப்ரலில் போர்ட்ஸ்மத் சேர்ந்தபோது நெப்போலியன் போர் முடிந்து நான்காண்டு ஆகியிருந்தது. வேலை இல்லை, கால் நூற்றாண்டு சும்மா கட்டிப்போட்டார்கள். ஆண்ட்ரூ லாம்பர்ட் இந்தக் கப்பலைப் பற்றி எழுதிய நல்ல புத்தகத்துக்கு ‘நெல்சனின் கடைசி ஃபிரிகேட்’ என்று துணைத்தலைப்பு வைத்திருக்கிறார். ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சன் 1805-இல் டிரஃபால்கர் போரில் செத்துப்போனவர். பன்னிரண்டு ஆண்டு கழித்துப் பிறந்த கப்பலை அவர் கணக்கில் எழுதுவதற்குப் பதில், கட்டியவர் கணக்கில் எழுதியிருக்கலாம்.

உடனே ஒரு மறுப்பு வரும்: வரைபடம் லண்டனிலிருந்து வந்ததுதானே, பம்பாய்க்காரர் அதைப் பார்த்துச் செய்தவர்தானே? அப்படியானால் லண்டன்காரரும் பார்த்துச் செய்தவரே. இந்த லீடா வகைக் கப்பல்களின் உடல் வடிவம், ஆங்கிலேயர் பிடித்த எபே என்ற பிரெஞ்சுக் கப்பலிலிருந்து எடுத்தது. அது பிடிபட்ட நாள் 1782 செப்டம்பர் 4. அதற்கு முதல் நாள்தான், உலகின் இந்தப் பக்கத்தில், திருகோணமலைக்கு வெளியே பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் மோதிக்கொண்டார்கள். வடிவம் பிரெஞ்சுக்காரருடையது, காசு ஆங்கிலேயருடையது. பெயரோ தமிழ் ஊருடையது. இதில் எதுவும் கப்பலை இருநூறு ஆண்டு மிதக்க வைக்கவில்லை. மிதக்க வைத்தது மரமும் கையும். ஓக் மரத்தில் இரும்பைத் தின்னும் புளிப்புச் சத்து உண்டு, அதில் அடித்த இரும்பு நாளாவட்டத்தில் அரிக்கும். தேக்கின் எண்ணெயோ இரும்பைக் காக்கும். 1810-இல் இங்கிலாந்தில் ஓக்கில் கட்டி இறக்கிய குவீன் ஷார்லட் என்ற பெரிய போர்க்கப்பல் சேவைக்குப் போகும் முன்பே உளுத்துப்போனது. அதனால்தான் கடற்படை பம்பாயை நாடியது, பெருந்தன்மையால் அல்ல. அந்தத் தேக்கும் சும்மா வந்ததில்லை. 1806-இல் மலபாரில் வாட்சன் என்ற காவல் அதிகாரியைக் காட்டுக் காப்பாளராக வைத்து, மரம் முழுவதையும் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஏகபோகமாக்கியது. சொந்த நிலத்து மரத்தைக்கூட விற்க முடியாமல் குடியானவரும் வியாபாரியும் தவித்தார்கள். 1823-இல் சென்னை ஆளுநர் மன்றோ காலத்தில்தான் அந்தப் பதவி ஒழிந்தது. கப்பல் கட்டிய ஆண்டுகள் சரியாக அதன் நடுவே விழுகின்றன.

கட்டியவர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. சூரத்திலிருந்து வந்து 1750-இல் பம்பாயில் உலர்துறை அமைத்த லவ்ஜியின் வம்சம். ஜம்ஷெட்ஜியின் ஓவியம் ஒன்று இருக்கிறது. வெள்ளை அங்கி, கையில் கப்பல் வரைபடம். இடுப்புச் சால்வையில் கம்பெனி பரிசளித்த வெள்ளி அளவுகோலைச் செருகியிருக்கிறார். நம் ஊர் ஆசாரி காதில் பென்சில் செருகியிருப்பது போலத்தான், உலோகம் மட்டும் வேறு. திருகோணமலைக் கப்பலுக்கு ஏராக்கட்டை போட்டபோது, பார்ஸி வழக்கப்படி எழுத்துப் பொறித்த வெள்ளி ஆணி ஒன்றை அவரே அதில் அடித்தார். கப்பல் நன்றாக இருக்க அது வேண்டும் என்பது நம்பிக்கை. ஏராக்கட்டை என்பது கப்பலின் முதுகெலும்பு. வங்குகள் அதிலிருந்துதான் விலாவெலும்பு போல எழும்புகின்றன. மேல்தளத்துப் பீரங்கி, மாலுமி தொங்கு படுக்கை, கேப்டன் அறை என்று எல்லாரும் பார்க்கும் இடங்கள் இருக்க, இந்தக் கப்பலில் எனக்குப் பிடித்த மூலை யாரும் பார்க்க முடியாத அந்த ஆணி இருக்கும் இடமே. ஜம்ஷெட்ஜியைப் பற்றி இன்னொரு கதையும் வழங்குகிறது. 1800-இல் கார்ன்வாலிஸ் என்ற ஃபிரிகேட்டைக் கட்டியபோது, அதன் உட்கட்டையில் யார் கண்ணிலும் படாத இடத்தில், இதைக் கட்டியவன் ஒரு பாழாய்ப்போன கறுப்பன் என்று ஆங்கிலத்தில் செதுக்கி வைத்தாராம். பல ஆண்டு கழித்துக் கப்பல் பழுதுபார்க்க வந்தபோது அதிகாரிகளுக்கு அதைச் சுட்டிக் காட்டினாராம். பின்னால் கதைக்குக் கை கால் முளைத்திருக்கலாம். ஆனால் அதற்குள் ஒரு தச்சனின் கோபம் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. வைதவர்களின் வசவையே எடுத்துத் தன் கையெழுத்தாக்கி, அவர்கள் காலுக்கடியிலேயே அடித்துவிட்டுப் போகிறார். வெள்ளி ஆணி சாமிக்கு, இந்த எழுத்து துரைக்கு.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கனமானது: இது பேரரசின் ஆயுதம், இதில் நமக்கென்ன பெருமை? நியாயம்தான். இதே ஜம்ஷெட்ஜி 1813-இல் கட்டிய வேறொரு கார்ன்வாலிஸ் கப்பலில்தான் 1842-இல் சீனர்களை உட்காரவைத்து நான்ஜிங் உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கினார்கள், ஹாங்காங் கைமாறியது. பெருமை கேட்கவில்லை, பெயர்தான் கேட்கிறேன். உழைப்பை எழுதினால் கொள்ளையையும் சேர்த்து எழுதவேண்டி வரும். ‘நெல்சன்’ என்று எழுதினால் இரண்டும் மறைந்துவிடும். மூன்றாவதாக, இத்தனை முறை பழுதுபார்த்த கப்பலில் பழையது என்ன மிச்சம் என்பார்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசலில், குமாரலிங்கபுரம் போன்ற ஊரில், மாட்டுவண்டிக்கு ஆரக்கால் மாற்றுவார்கள், வட்டை மாற்றுவார்கள், இரும்புப் பட்டா புதிதாகப் போடுவார்கள். குடமும் அச்சும் நிற்கிறவரை அது தாத்தா வண்டிதான். இந்தக் கப்பலின் மரத்திலோ பாதிக்கும் மேல் பம்பாயில் வைத்தது இன்றும் இருக்கிறது.

சேதம் மரத்தில் இல்லை, பெயரிலும் சூழலிலும்தான். 1897-இல் உடைக்கப் போன கப்பலை வீட்லி காப் என்ற செல்வந்தர் மீட்டார். நல்ல காரியம். ஆனால் அதே ஆண்டு பிளாக்பூல் கரையில் சிதறிப்போன நெல்சன் கப்பலான ஃபுத்ரயான் பெயரை இதற்குச் சூட்டினார். செத்தவன் சட்டையை மாட்டிவிட்ட மாதிரி ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டு அந்தப் பெயரில் பயிற்சிக் கப்பலாக வாழ்ந்தது. 1987-இல் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவந்து, 1992-இல் சொந்தப் பெயரைத் திருப்பிக் கொடுத்து, 2001 வரை பொறுமையாகப் புதுப்பித்தார்கள். அந்த வேலைக்குக் கும்பிடு. ஆனால் கப்பலைச் சுற்றி 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் துறைமுகம் போல ஒரு செட்டை 1990-களில் கட்டி நிறுத்தியிருக்கிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டுப் பம்பாய்க் கப்பலுக்கு ஒருபோதும் இருந்திராத ஆங்கிலத் தெரு எதற்கு? அவர்களைத் திட்ட நமக்கு வாய் இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. சுதந்திர இந்தியா மும்பையில் கட்டிய முதல் ஃபிரிகேட் நீலகிரி, நம் மலையின் பெயர், 1972-இல் சேவைக்கு வந்தது. 1996-இல் ஓய்வு கொடுத்து, அடுத்த ஆண்டே ஏவுகணைச் சோதனைக்கு இலக்காக்கி மூழ்கடித்தோம். 1971 போரில் ஈடுபட்ட விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தை 2014-இல் பழைய இரும்புக்குப் போட்டோம். வாக்லி நீர்மூழ்கியை மாமல்லபுரத்தில் அருங்காட்சியகமாக்கும் திட்டம் நிறைவேறவில்லை. சண்டையே பார்க்காத ஒரு மரக்கப்பலை அவர்கள் காக்கிறார்கள். சண்டை பார்த்த விக்ராந்தைக்கூட நாம் காக்கவில்லை.

சண்டை பார்க்காததுதான் அதைக் காப்பாற்றியது என்பதும் உண்மை. 1847-க்குப் பிறகு மேற்கிந்தியத் தீவுகள், நியூஃபவுண்ட்லாந்து என்று அலைந்தது. 1852 முதல் 1857 வரை பசிபிக்கில் ரோந்து. கிரிமியப் போரின்போது 1855-இல் கம்சட்காவின் பெத்ரோபாவ்லோவ்ஸ்க் போன படையில் இதுவும் இருந்தது. போய்ச் சேர்ந்தபோது ரஷ்யர் ஊரைக் காலிசெய்திருந்தார்கள். கனடாவின் மேற்குக் கரையில் சால்ட் ஸ்பிரிங், கலியானோ தீவுகளுக்கு இடையே ஓடும் கடல்வழிக்கு இந்தக் கப்பலின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். வரைபடத்தில் இன்றும் அது டிரிங்கமலீ கால்வாய்.