மென்பொருள் கேட்க வேண்டிய முதல் கேள்வி

காமர்ஸ் படிக்கிறவனுக்கு ஸ்கேன் ரிப்போர்ட்டில் என்ன வேலை என்று கேட்காதீங்க, இதுவும் ஒருவகை ஆடிட்டிங்தான்!

வேறெதற்கோ எடுத்த சிடி ஸ்கேனில் நுரையீரலில் சின்னதாக ஒரு திடக் கட்டி தெரிகிறது. அடுத்து என்ன? ஃப்ளெய்ஷ்னர் சொசைட்டியின் 2005 விதிப்படி, ஆபத்து குறைந்தவர்களுக்கு 4 மி.மீ. வரை மறு ஸ்கேன் வேண்டாம். 2017-ல் அந்த எல்லை 6 மி.மீ.க்குக் கீழ் என்று மாறியது. நாள் முழுக்கப் படம் பார்க்கும் ரேடியாலஜிஸ்ட் பழைய விதியிலேயே நின்றுவிட்டால் நோயாளிக்கு வீண் செலவு, வீண் கதிர்வீச்சு, பயம் வேறு. ரிப்போர்ட் எழுதும் மென்பொருளே அளவைக் கேட்டு விதியை எடுத்து நீட்டினால் நல்லதுதானே?

ஆனால் ஒன்று... ஏற்கனவே புற்றுநோய் உள்ளவருக்கு இந்த விதியே பொருந்தாது. அவருக்கு 5 மி.மீ. கட்டிகூட நோய் பரவியதன் அடையாளமாக இருக்கலாம். அதை முதலில் கேட்காத மென்பொருளை நான் காசு கொடுத்து வாங்க மாட்டேன் (கையில் காசு இல்லை என்பது வேற விஷயம்).